வலித்தால் இடது கையைத் தூக்கவும்

ஆமைக்கரட்டின் அடிவாரத்தில், பைபாஸ் ரோட்டை ஒட்டி இருக்கும் செல்லாத்தாள் நினைவு பல் மருத்துவக் கல்லூரியில் எல்லோருடைய இடது கையும் தானாக மேலே எழும்பத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், பல் பிடுங்கும் பிரிவின் தலைவர் டாக்டர் தண்டபாணி, தறி ஓட்டும் பாவாயியின் கீழ்க் கடைவாய்ப் பல்லைக் குறட்டால் பிடித்து அசைத்துக்கொண்டிருந்த நேரத்தில். பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்திருந்த ஹவுஸ் சர்ஜன் கோகிலவாணியின் கை குழாயோடு எழுந்தது; பிறகு அடுத்தடுத்த நாற்காலிகளில் வேலை செய்துகொண்டிருந்தவர்களின் கைகளும், வாசலில் சீட்டு எழுதும் கிளார்க்கின் கையும், கேண்டீனில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த மாஸ்டரின் கையும், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவியவரின் கையும், ஏ.சி. அறையில் போனில் யாரையோ வைதுகொண்டிருந்த தாளாளரின் கையும் எழுந்தன. வளாகத்துப் பிள்ளையாருக்குத் தீபாராதனை காட்டிக்கொண்டிருந்த பூசாரியின் இடது கை மணியோடு மேலே போய்க் கணகணவென்று அடித்தது. சந்தேகம் கேட்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரு கல்லூரியே கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. பல் வெளியே வந்து தட்டில் 'டங்'கென்று விழுந்ததும் கைகள் எல்லாம் இறங்கின. பஜ்ஜி கருகிப் போயிருந்தது.

எழுந்திருக்க வேண்டிய கை ஒன்றே ஒன்றுதான், அது எழவில்லை. ஒவ்வொரு நாற்காலிக்கும் எதிரே சுவரில் 'வலித்தால் இடது கையைத் தூக்கவும்' என்று நீல எழுத்தில் போர்டு மாட்டியிருந்தார்கள், ஏனென்றால் பல் டாக்டர் வலது பக்கம் நிற்பார், நோயாளி வலது கையைத் தூக்கினால் குறட்டில் இடிக்கும். டாக்டர் தண்டபாணியும் ஒவ்வொரு வாய்க்குள்ளும் குறட்டை நுழைப்பதற்கு முன்னால் அந்த வாசகத்தை மந்திரம் போல ஒரு முறை முணுமுணுத்துவிடுவார். பாவாயி அந்த இடது கையால் மடியிலிருந்த மஞ்சப்பையைப் பிடித்திருந்தாள், பையின் காது பிய்ந்துபோகிற அளவுக்குப் பிடித்திருந்தாள். பல் வந்த பிறகு வாயில் பஞ்சைக் கடித்தபடி டாக்டரைக் கும்பிட்டுவிட்டு எழுந்து போனாள்.

அந்தக் கல்லூரியில் பல் பிடுங்கிய லட்சணத்தை இங்கே சொல்லியாக வேண்டும், சொல்லும்போதே வயிறு எரிகிறது. சுற்றுவட்டாரத்துத் தறிக்குடோன்களிலிருந்தும் கோழிப்பண்ணைகளிலிருந்தும் கல்லூரி வேன் ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும், இலவச வைத்தியம், மதியத்துக்குத் தயிர்சாதப் பொட்டலம். வந்த சனத்தை எல்லாம் மதியத்துக்குள் பார்த்து முடித்து வேனில் ஏற்றிவிட வேண்டும். பல்லுக்கு ஊசி போட்டால் மருந்து ஊறிப் பிடிக்கப் பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும் என்பது அங்கே படிக்கிற எல்லோருக்கும் தெரியும், விடுதியில் எம்.டி.எஸ். மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கு மாதிரி வினாத்தாள் போட்டுப் பார்க்கிற எல்லோரும் அந்தக் கேள்விக்குச் சரியான விடையைத்தான் தட்டுவார்கள், தட்டிவிட்டுக் காலையில் கீழே இறங்கி வந்து ஊசியைப் போட்ட கையோடு குறட்டை எடுப்பார்கள். எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்பார்கள். "மரத்துப் போச்சுங்களா?" அதற்கு ஒரே பதில்தான் வரும். "ஆமாங்க." வெள்ளைச் சட்டை போட்ட யார் என்ன கேட்டாலும் அந்தப் பக்கத்துச் சனம் சொல்கிற பதில் அது, அதில் மரத்துப்போனதும் இல்லை, போகாததும் இல்லை. "அழுத்தறதுதான் தெரியும், வலி தெரியாது" என்று சொல்லிக்கொண்டே பிடுங்கிவிடுவார்கள்.

அன்றிலிருந்து வேன் வருகிற நாளெல்லாம் கைகள் எழுந்தன. முதலில் மின்சாரக் கசிவு என்றார்கள். எலெக்ட்ரீஷியன் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் கையும் எழுந்து டெஸ்டர் தரையில் விழுந்தது. பிறகு வாஸ்து பார்த்து வடக்கு வாசலை அடைத்தார்கள். அதற்கும் பிறகு காரணம் கேட்பதை விட்டுவிட்டார்கள், ஏனென்றால் காரணம் தேடுவதைவிடப் பழகிக்கொள்வது சுலபமாக இருந்தது. கேண்டீனில் சூடான எதையும் இடது கையில் கொடுப்பதில்லை என்று ஆனது. கிளட்ச் இடது கையில் இருப்பதால் மோட்டார் சைக்கிள்களைக் கேட்டிலேயே நிறுத்தி உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். பூசாரியின் மணி தானாக அடிப்பதைப் பார்க்கப் பக்கத்து ஊர்களிலிருந்து தேங்காய் பழத்தோடு ஆட்கள் வந்தார்கள், குழந்தைக்கு அந்த மணிச் சத்தத்தில் பெயர் வைத்தால் நல்லது என்று ஒரு பேச்சும் கிளம்பியது. காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே ஒரு கையும் எழவில்லை, அதனால் எதிர்ப்புறத்து டீக்கடைக்கு நல்ல வியாபாரம். தாளாளர் மட்டும் இதில் ஒரு நன்மையைக் கண்டுபிடித்தார்: வேன் நாளில் ஊழியர் கூட்டம் போட்டு, "ஆதரிக்கறவங்க கை தூக்குங்க" என்றால் எந்தத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறியது.

நோயாளிகளின் கை மட்டும் ஒருநாளும் தானாக எழவில்லை. வேனில் வந்தவர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, டாக்டர்மார் இப்படி அடிக்கடி கையைத் தூக்குவது படித்தவர்களின் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றும் மெல்லப் புரிந்தது. தானாக வருகிற பல்வலிக்கு எந்தக் கையும் எழுவதில்லை. கோகிலவாணிக்கே கீழ் வரிசையின் கோடியில் ஞானப்பல் ஒன்று பாதி முளைத்து, ஈறு வீங்கிச் சீழ் கோத்து, தேர்வுக்குப் புத்தகத்தைத் திறக்கும் போதெல்லாம் காதுவரை தெறித்துக்கொண்டிருந்தது. அவள் கிராம்பை அடக்கிக்கொண்டு படித்தாள், அதற்காக யார் கையும் எழவில்லை. இன்னொருவரின் கையால் வருகிற வலிக்குத்தான் கைகள் எழுந்தன.

இதை எல்லாம் யோசித்துவிட்டுத்தான் அவள் ஒரு காலைக் கூட்டத்தில் எழுந்து கேட்டாள்.

"சார், ஊசி போட்டுப் பத்து நிமிஷம் விட்டுப் பாக்கலாங்களா?"

டாக்டர் தண்டபாணி கெட்டவர் இல்லை, அதுதான் கொடுமை. காலை எட்டு மணிக்கு முன்னால் வந்துவிடுவார், எந்தப் பல்லையும் வேர் முறியாமல் எடுப்பார், தன் கை வேகத்தைப் பற்றி அவருக்கு ஒரு பெருமிதம் உண்டு, அந்தப் பெருமிதத்துக்கு நியாயமும் உண்டு.

"ஏம்மா, வேன் ரெண்டு நடை அடிக்கோணும். நீ ஒவ்வொரு ஆளுக்கும் பத்து நிமிஷம் உக்காந்திருந்தா மிச்ச சனத்த ஆரு பாக்கறது? வலிச்சா கை தூக்குங்கன்னு சொல்லித்தான வேலை செய்யறோம்? தூக்குனாங்களா? தூக்கல. அப்பறம் எங்கிருந்து வந்துச்சு வலி?"

"எங்க கை எல்லாம் எந்திரிக்குதுங்களே சார்."

"உங்க கைதான எந்திரிக்குது?" என்று அவர் சிரித்தார். "நான் பல்லு எடுக்கறப்ப என்ற கையப் பாத்திருக்கியா? அசையாது. நீங்க புடுங்கறப்பத்தான் ரூம்ல சிவனேன்னு உக்காந்திருக்கற என்ற கையும் சேந்து எந்திரிக்குது. இதுலயே தெரியலையா, ஆருக்குப் பயிற்சி பத்தலைன்னு?"

அவர் சொன்னது உண்மைதான், அவர் பல் எடுக்கும்போது அவர் கை எழுந்ததே இல்லை. கோகிலவாணி உட்கார்ந்தாள்.

பதில் அடுத்த வேன் நாளில் கிடைத்தது. பாவாயி மறுபடியும் வந்திருந்தாள், அவளுக்குப் பிடுங்க வேண்டிய பற்கள் இன்னும் இருந்தன. இந்த முறை கோகிலவாணியின் நாற்காலியில் வந்து படுத்தாள். கோகிலவாணி ஊசி போட்டாள், பின்னால் வரிசையைப் பார்த்தாள், "மரத்துப் போச்சுங்களாம்மா?" என்றாள், "ஆமாங்க கண்ணு" என்று வந்தது, குறட்டால் பல்லைப் பிடித்தாள். பல் அசைய ஆரம்பித்ததும் கூடம் முழுக்கக் கைகள் எழுந்தன. எதிர் நாற்காலிக்காரனின் கை எழுந்தது, நர்சின் கை எழுந்தது, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் காப்பி குடித்துக்கொண்டிருந்த தண்டபாணியின் கை கோப்பையோடு எழுந்தது. கோகிலவாணி தன் கையைப் பார்த்தாள். அது எழவில்லை. பாவாயியின் தாடையைப் பிடித்துக்கொண்டு உறுதியாக, அழகாக, அசையாமல் இருந்தது.

வலி கொடுக்கிற கை எழாது. அவ்வளவுதான் விஷயம். அவள் குறட்டை வெளியே எடுத்துவிட்டு, நாற்காலியை நிமிர்த்தி, பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"ஏனுங்கம்மா, வலிச்சா கையத் தூக்குங்கன்னு சொன்னேன்ல?"

"ஒண்ணுமில்லீங்க, நீங்க பாருங்க கண்ணு."

"வலிச்சுதா இல்லீங்களா, அதச் சொல்லுங்க."

பாவாயி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வலிக்காம இருக்குமுங்களா அம்முணி? உசுரு போய் உசுரு வந்துச்சு. அதுக்காவ பீச்சாங்கையப் போயி டாக்டரு மூஞ்சிக்கு நேரா தூக்கறதுங்களா? போன தடவ அத்தாப் பெரிய மனுசரு, அவியளுக்கு நேரா தூக்குனா நல்லாருக்குமா? எங்க குடோன்ல மொதலாளிக்கு ஒரு டம்ளர் தண்ணி பீச்சாங்கையில குடுத்ததுக்கே ஒருத்திய நிறுத்திப் போட்டாங்க."

கோகிலவாணி சுவரிலிருந்த நீல போர்டைப் பார்த்தாள். கோழிப்பண்ணையில் முட்டை அடுக்குகிற தன் அம்மா இதே நாற்காலியில் படுத்திருந்தால் இடது கையைத் தூக்கியிருப்பாளா என்று யோசித்துப் பார்த்தாள்; கட்டாயம் தூக்கியிருக்க மாட்டாள், சேலைத் தலைப்புக்குள் மறைத்து வைத்திருப்பாள். இத்தனை வருடம் படித்து, இத்தனை புத்தகம் திருப்பி, இது தனக்கே தோன்றாமல் போனதே என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது, முதலில் தன் மேல், பிறகு அந்த போர்டை எழுதியவன் மேல், பிறகு அதைத் தினமும் மந்திரம் போலச் சொல்லிக் கைகழுவுகிற எல்லோர் மேலும். அன்று பாவாயிக்கு மறு ஊசி போட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்தாள். "மரத்துப் போச்சா" என்று கேட்கவில்லை, கூர்முனைக் கம்பியால் ஈறைத் தொட்டுப் பாவாயியின் கண் சுருங்குகிறதா என்று பார்த்தாள், சுருங்காத பிறகு எடுத்தாள். ஒரு கையும் எழவில்லை.

அடுத்த ஊழியர் கூட்டத்தில், தாளாளர் முன்னால், அவள் அதைப் போட்டு உடைத்தாள்.

"வலி குடுக்கறவங்க கை மட்டும் எழறதில்லீங்க. வேன் நாள்ல கூடத்த ஒருக்கா சுத்திப் பாருங்க, ஆரு கை கீழ இருக்குதுன்னு தெரியும்."

யாரும் ஆச்சரியப்படவில்லை. எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. ஒவ்வொருவரும் ஏதோ ஒரு நாள் தன் கை மட்டும் கீழே இருப்பதைப் பார்த்திருந்தார்கள், பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். வெட்கம் கெட்டவர்கள் தரையைப் பார்த்தார்கள், அதைவிட வெட்கம் கெட்டவர்கள் அவளை முறைத்தார்கள். டாக்டர் தண்டபாணி ஒருவர்தான் நிஜமாகவே நம்பவில்லை. "அப்ப நான் வலி குடுக்கறேன்னு சொல்றியா? இருவத்தஞ்சு வருச சர்வீஸும்மா" என்றார். தாளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இதற்கு ஒரு ஏற்பாடு செய்துவிடலாம் என்றார்.

ஏற்பாடு வந்தது. வெள்ளைக் கோட்டின் இடுப்பில் ஒரு பட்டை தைத்து, அதில் இடது மணிக்கட்டை மாட்டிப் பொத்தான் போட்டுக்கொள்ளும்படி உத்தரவு போட்டார்கள். எல்லோர் கையும் கட்டிக் கிடந்தால் யார் கை எழுந்தது யார் கை எழவில்லை என்று யாருக்கும் தெரியாது. நாற்காலியில் வேலை செய்கிறவருக்கு இரண்டு கையும் வேண்டும் என்பதால், அவர் இடது மணிக்கட்டைப் பிடித்து அழுத்திக்கொள்ள ஒரு ஜூனியர் மாணவரை நிறுத்தினார்கள், அதற்குக் 'கை டியூட்டி' என்று பெயர். கேட்டுக்கு வெளியே கோட்டு விற்கிற கடையில் பட்டை தனியாகவும் கிடைத்தது. புதிதாகச் சேர வந்த பிள்ளைகள் அதுவும் பல் டாக்டர் சீருடையில் ஒரு அங்கம் என்றே நினைத்துக்கொண்டார்கள், தாய் தகப்பன்மார் பட்டை மாட்டிய கோட்டோடு பிள்ளைகளை நிறுத்தி போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். பட்டைக்குத் துணி எடுக்கவும், தையல்காரரைப் பிடிக்கவும், கை டியூட்டிக்கு ஆள் ஒதுக்கவும் நேரமிருந்த அந்தக் கல்லூரிக்கு, ஊசி போட்டுவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்கார நேரமில்லை.

கோகிலவாணி பட்டை மாட்டவில்லை. கை டியூட்டிக்கு வந்தவளைத் திருப்பி அனுப்பினாள். ஊசி போட்டாள், காத்திருந்தாள், தொட்டுப் பார்த்தாள், பிறகு எடுத்தாள். அடுத்த நாற்காலிக்காரர்களால் தன் கை எழும்போது வேலையை நிறுத்திவிட்டு, அது இறங்கும்வரை எழுந்த கையோடு அப்படியே நின்றாள், அந்தப் பக்கம் பார்க்காதது மாதிரி மற்றவர்கள் வேலை செய்தார்கள். பெஞ்சில் இருந்த சனம் ஆளாளுக்கு நகர்ந்து அவள் வரிசையில் வந்து உட்கார்ந்தது. அவள் வரிசை நகரவே இல்லை. வேன் தாமதமானது, டிரைவர் கத்தினார், தயிர்சாதம் புளித்தது, டாக்டர் தண்டபாணி அவளுக்கு எக்ஸ்டென்ஷன் போட்டுவிட்டார்.

எக்ஸ்டென்ஷன் என்றால் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி மேலும் சில மாதம் நீளும். குறித்த தேதிக்குள் பயிற்சியை முடிக்காதவர்கள் அந்த வருட எம்.டி.எஸ். தேர்வை எழுத முடியாது. தாடை அறுவை சிகிச்சையில் எம்.டி.எஸ். என்பது கோகிலவாணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே இருந்த ஆசை, பண்ணையில் அவள் அம்மா பக்கத்து ஆட்களிடம் எல்லாம் "எம் புள்ள பெரிய ஆப்பரேசன் டாக்டராவப் போறா" என்று சொல்லி வைத்திருந்தாள். வீங்கிய ஈறில் கிராம்பை வைத்துக்கொண்டு அத்தனை மாதம் படித்த படிப்பு ஒரு கையெழுத்தில் கவிழ்ந்தது. அழுகை வரவில்லை, பல்லைக் கடித்தாள், ஞானப்பல் தெறித்தது, அந்த வலிகூட அப்போது அவளுக்குப் பிடித்திருந்தது.

அப்போதுதான் ஆய்வுக்குழு வருகிற செய்தி வந்தது. கல்லூரிக்கு எம்.டி.எஸ். படிப்பு கொடுக்கலாமா என்று பார்க்க வருகிறார்கள், வந்தால் கூடத்தைச் சுற்றிப் பார்ப்பார்கள், ஒரு பல்லையாவது எடுத்துக் காட்டச் சொல்வார்கள். கோட்டுப் பட்டைகளைப் பார்த்தால் கேள்வி வரும் என்று பட்டைகளை எல்லாம் பிரித்தெடுக்கச் சொன்னார் தாளாளர். கைகள் எழக் கூடாதே என்று அன்றைக்கு வேனை நிறுத்திவிட்டு, ஊழியர்களின் மைத்துனர்களையும் சகலைகளையும் கூட்டிவந்து, சொத்தையே இல்லாத வாய்களோடு நாற்காலிகளில் படுக்க வைக்க ஏற்பாடானது. எடுத்துக் காட்ட ஒரே ஒரு நிஜ நோயாளி, அது பாவாயி. அந்தம்மா சத்தம் போடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எடுப்பதற்கு ஆள் தேடியபோது தாளாளர் தண்டபாணியைக் கேட்கவில்லை, கோகிலவாணியைக் கூப்பிட்டார்.

"உன்ற பேஷண்டுக்கு மட்டும் கை எழறதில்லைன்னு எனக்குத் தெரியுமம்மா. எனக்கு எல்லாந் தெரியும். அன்னிக்கு நீ ஒரு பல்ல எடுத்துக் குடு, சாயங்காலமே எக்ஸ்டென்ஷன ரத்து பண்ணிப் போடறேன். எம்.டி.எஸ். இங்கயே வந்துச்சுன்னா நீயே மொதப் புள்ளையாச் சேரலாம்."

அவர் சொல்லிய விதத்தில் பாசம்கூட இருந்தது. ஊரெல்லாம் குத்திக் கிழித்துவிட்டு, வலிக்காமல் செய்கிற ஒருத்தியை வாசலில் நிறுத்தி இதுதான் நாங்கள் என்று காட்டப் போகிறார்கள். அவளுடைய பத்து நிமிடம் அவர்களுடைய பட்டையாகப் போகிறது. கோகிலவாணி "சரிங்க" என்றாள். வெளியே வந்தபோது வராந்தாவில் டாக்டர் தண்டபாணி முகம் சிறுத்துப்போய் நின்றிருந்தார். தன் கூடத்தில், தன் துறையில், ஆய்வு நாளில், ஒரு ஹவுஸ் சர்ஜனைப் பல் எடுக்கச் சொல்லிவிட்டார்கள் என்பதை அவரால் தாங்க முடியவில்லை.

ஆய்வு நாளில் கூடம் பளபளவென்று இருந்தது. ஆய்வுக்குழுவின் தலைவி நரைத்த கொண்டையும் பருத்திப் புடவையுமாக, எதையும் ஒரு முறைக்கு இரு முறை பார்க்கிறவராக இருந்தார், அவர் பின்னால் கோப்புகளோடு இரண்டு பேர் வந்தார்கள். நாற்காலிகளில் மைத்துனர்கள் வாயைப் பிளந்து படுத்திருந்தார்கள். பாவாயி மஞ்சப்பையோடு பெஞ்சில் காத்திருந்தாள். தாளாளர் கோகிலவாணியைக் காட்டி, "எங்க ஸ்டூடண்டு, இப்ப ஒரு பல் எடுத்துக் காட்டுவாங்க" என்றார்.

கோகிலவாணி கையுறையைக் கழற்றினாள்.

"மேடம், ஒரு சின்ன மாத்தம். எனக்கே ஞானப்பல் ஒண்ணு ரொம்ப நாளாத் தொந்தரவா இருக்குதுங்க. எங்க தண்டபாணி சார் எடுத்தா வலியே தெரியாதுன்னு சாரே சொல்லியிருக்காங்க. சார் கையால எடுத்துக்கறேன், அதப் பாருங்க."

தாளாளருக்கு இருமல் வந்தது. "அதெல்லாம் இப்ப எதுக்குங்க, டைம் ஆகும்..."

"சொந்த மாணவியே நம்பிப் படுக்கறாங்கன்னா அதைவிட வேற என்ன வேணும்?" என்றார் தலைவி. "எடுங்க டாக்டர்."

தாளாளர் கண்ணைக் காட்டினார், தலையை ஆட்டினார், தண்டபாணி அந்தப் பக்கமே திரும்பவில்லை. அவர் முகம் அன்று காலையிலிருந்து முதல் தடவையாக மலர்ந்திருந்தது. இன்றைக்கு வேறு யாரும் பல் பிடுங்கவில்லை, ஆகவே ஒரு கையும் எழாது, இந்தப் பெண் உட்பட எல்லோரும் பார்க்கட்டும் என்று நினைத்தார் பாவம். கோகிலவாணி நாற்காலியில் ஏறிப் படுத்தாள். படுக்கும்போதே அவளுக்குத் தெரியும், அந்த வருடத் தேர்வு போனது போனதுதான். அடுத்த வருடத்துக்கும் அவர்கள் ஏதாவது வழி வைத்திருப்பார்கள். இருக்கட்டும்.

அவர் ஊசியைப் போட்டார், சிரிஞ்சைத் தட்டில் வைத்த கையோடு நெம்புகோலை எடுத்தார், கை வேகம் அப்படி.

"மரத்துப் போச்சாம்மா?"

வாய் முழுக்க அவளுடைய உணர்வு அப்படியே இருந்தது, நாக்கு இருந்தது, உதடு இருந்தது, சீழ் பிடித்த ஈறு துடித்துக்கொண்டிருந்தது. எதிரே நீல போர்டு இருந்தது.

"ஆமாங்க" என்றாள் கோகிலவாணி.

"வலிச்சா இடது கையத் தூக்கு. அழுத்தறதுதான் தெரியும்."

நெம்புகோல் ஈறுக்கும் எலும்புக்கும் நடுவில் இறங்கியது. அவள் இரண்டு கையாலும் நாற்காலியின் பிடியை இறுக்கிக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது, கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கின, தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வர விடவில்லை. இத்தனை நாள் வேனில் வந்தவர்கள் எப்படிப் படுத்திருந்தார்களோ அப்படியே படுத்திருந்தாள், அவளுடைய இடது கையைக் கோபம்தான் பிடித்து வைத்திருந்தது. கூடத்தில் கைகள் எழுந்தன. நர்சுகளின் கைகள், மாணவர்களின் கைகள், தாளாளரின் கை, கோப்பு வைத்திருந்தவர்களின் கைகள் எழுந்து தாள்கள் தரையெங்கும் பறந்தன. நாற்காலிகளில் படுத்திருந்த மைத்துனர்களின் கைகளும் வரிசையாக எழுந்தன, நோயாளிகளின் கை எழாது என்பதால் அவர்கள் யாரும் நோயாளிகள் இல்லை என்பது கூடத்து ஆட்களுக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. பிள்ளையார் கோயிலில் மணி விடாமல் அடித்தது. ஆய்வுக்குழுத் தலைவி தலைக்கு மேல் போய்விட்ட தன் கையை அண்ணாந்து பார்த்தார், கூடத்தைச் சுற்றிப் பார்த்தார், அத்தனை கைகளும் மேலே இருக்க, நின்றிருந்தவர்களில் ஒரே ஒருவரின் கை கீழே இருப்பதைப் பார்த்தார்.

"டாக்டர், உங்க கை மட்டும் ஏன் கீழ இருக்கு?"

"என்ற கை எப்பவும் இப்படித்தாங்க மேடம், அசையாது" என்றார் தண்டபாணி பெருமையோடு, நெம்புகோலை இன்னும் கொஞ்சம் அழுத்தினார், பிறகு நிமிர்ந்து கூடத்தைப் பார்த்தார். அவர் பார்வை ஒவ்வொரு கையாகத் தாண்டித் தாண்டிப் போய், கடைசியில் கோகிலவாணியின் தாடையைப் பிடித்திருந்த தன் கையில் வந்து நின்றது.

பெஞ்சிலிருந்து பாவாயி எழுந்தாள். செருப்பை அங்கேயே விட்டுவிட்டு, நாற்காலிக்கு நேர் எதிரே, நீல போர்டுக்குக் கீழே, டாக்டரின் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். தானாக எழாத தன் இடது கையை அவளாகவே தூக்கினாள், மணிக்கட்டில் மஞ்சப்பை தொங்க, பீச்சாங்கையை, அவர் மூஞ்சிக்கு நேராகத் தூக்கினாள்.

"நிறுத்துங்க சாமி. புள்ளைக்கு வலிக்குது."

தண்டபாணி நெம்புகோலை எடுத்தார். கூடத்திலிருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின, கேண்டீனில் இறங்கின, மொட்டை மாடியில் இறங்கின, கோயில் மணி நின்றது. பாவாயி தன் கையை இறக்கவில்லை.